நாட்டின் எரிசக்தித் தற்சார்பு: மலைக்கு ஓட்டுக் கேட்டு வரும் நான்கு வாக்குறுதிகளில் எதை எடுப்பது?

நீலகிரி மாவட்டத்தின் குந்தா, கோத்தகிரி, கூடலூர் பக்கத்து வாசகர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "எரிசக்தியில் நாடு தன் காலில் நிற்கும் என்று எல்லா வேட்பாளரும் சொல்கிறார்கள். ஒருவர் மலையில் இன்னும் அணை கட்டலாம் என்கிறார், ஒருவர் வீட்டுக்கு வீடு சோலார் என்கிறார், இன்னொருவர் அணுமின்சாரம்தான் வழி என்கிறார். யாரை நம்புவது?"

2047-க்குள் இந்தியா எரிசக்தித் தற்சார்பு அடைய வேண்டும் என்ற இலக்கைப் பிரதமர் 2021 சுதந்திர தின உரையில் அறிவித்தார். அதிலிருந்து இந்தப் பேச்சு எல்லா மேடைகளிலும் கேட்கிறது. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. கட்சியை ஒதுக்கிவிட்டு, மலைக்காரர்களாகிய நமக்கு முன்னால் வைக்கப்படும் நான்கு வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக எடைபோடுகிறேன்.

அதற்கு முன், நாடு எதற்கெல்லாம் வெளிநாட்டை நம்பியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி. சமையல் கேஸில் ஏறக்குறைய 60 பங்கு, இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி. நிலக்கரியில் நிலைமை வேறு. 2024-25-ல் உள்நாட்டு உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. இறக்குமதியும் உண்டு, ஆனால் பெரும்பங்கு நம் சுரங்கத்திலிருந்தே வருகிறது. தண்ணீர், காற்று, வெயில் மூன்றும் நம்முடையவை.

ஆக, நம் சார்பு பெரும்பாலும் வண்டியின் டேங்கிலும் அடுப்படியிலும்தான் இருக்கிறது. வீட்டு விளக்கில் அது குறைவு. இதை மனதில் வைக்காமல் எந்த வாக்குறுதியையும் எடைபோட முடியாது. மின் உற்பத்தி மட்டும் பெருகி, வண்டியும் அடுப்பும் பழையபடி டீசலிலும் கேஸிலும் ஓடினால், ஒரு பீப்பாய் எண்ணெய்கூட மிச்சமாகாது.

## எதைக் கொண்டு அளப்பது

நான் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் நான்கு.

எந்த இறக்குமதி குறையும்? எண்ணெயா, கேஸா, நிலக்கரியா? பதில் தெளிவாக வராவிட்டால் அது தற்சார்புத் திட்டமே அல்ல, வேறு ஏதோ ஒரு திட்டம்.

மலை எதைக் கொடுக்க வேண்டும்? நிலம், ஊற்று, காடு, மேய்ச்சல் வெளி.

மலைக்கு என்ன திரும்பி வரும்? ஆடி மழையில் மரம் விழுந்து லைன் அறுந்து கிடக்கும்போது நம் வீட்டில் விளக்கு எரியுமா என்பதும் இதில் அடக்கம்.

கேட்கிற பதவிக்கு அதிகாரம் உண்டா? அணுசக்தியும் பெட்ரோலியமும் ஒன்றியப் பட்டியலில் இருப்பவை. மின்சாரமும் காடும் பொதுப் பட்டியலில் இருப்பவை. நிலம் மாநிலத்தின் பொறுப்பு, தெருவிளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. சட்டமன்றத்துக்கு நிற்பவர் அணு உலை பற்றி வாக்குக் கொடுத்தால், அது அவர் கையில் இல்லாத ஒன்று.

## வாக்குறுதி 1: மலையிலேயே இன்னும் நீர்மின்சாரம்

இதைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நாட்டின் மின்சாரத்துக்காக இந்த மலை ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டது. பைக்காரா மின் நிலையம் 1932-ல் வந்தது. அந்த மின்சாரம் கீழே இறங்கித்தான் கோயம்புத்தூர் மில்கள் பெருகின. பிறகு கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு குந்தாத் திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று அணைகளும், கெத்தை, பரளி, பில்லூர் என்று மின் நிலையங்களும் வரிசையாக வந்தன. இன்று மாவட்டத்தில் 12 நீர்மின் நிலையங்கள், 800 மெகாவாட்டுக்கு மேல் திறன். தமிழ்நாட்டின் மொத்த நீர்மின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். தோடர்களின் மேய்ச்சல் வெளிகளும் சோலைகளும் தண்ணீருக்கு அடியில் போன கணக்கு இதில் சேராது.

இப்போது மேடையில் கேட்பது பழைய வகை அணை அல்ல, நீரேற்று மின்திட்டம். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள். மாலை நேரத்தில் தேவை கூடும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றுவதற்கு 4 யூனிட் செலவானால் திரும்பக் கிடைப்பது சுமார் 3 யூனிட்தான். மின்சாரத்தைப் புதிதாக உண்டாக்குவது இதன் வேலையல்ல, சேமித்து வைப்பதுதான்.

சேமிப்பு தேவையில்லையா? நிச்சயம் தேவை. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2-ல் 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் முழு வீச்சில் சுற்றும். தேவை இறங்கும் நடுஇரவில் அந்த மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் போவதும் உண்டு. வெயில் மின்சாரம் மாலை ஆறு மணிக்கு நின்றுவிடும். சேமிப்பு இருந்தால் இவை இரண்டும் வீணாகாது, அந்த அளவுக்கு நிலக்கரி எரிப்பதும் குறையும். ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது.

கேள்வி, எங்கே கட்டுவது என்பதில்தான். இங்கே இரண்டு திட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேட்பாளர்கள் அவற்றைச் சேர்த்தே பேசுகிறார்கள்.

முதலாவது, காட்டுக்குப்பையில் நடந்துவரும் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம். இதற்கு மேலணை போர்த்திமந்து, கீழணை அவலாஞ்சி-எமரால்டு. இரண்டும் அறுபது ஆண்டுக்கு முந்தைய திட்டத்தில் வந்தவை. புதிதாக எந்த ஊரும் முழுகாது. தாமதமும் செலவும் கூடிக்கொண்டே போவது உண்மை. சுரங்கத்திலிருந்து எடுத்த மண்ணையும் கல்லையும் எங்கே கொட்டுகிறார்கள் என்று கண்காணிக்க வேண்டியதும் உண்மை. இருந்தாலும் இதை முடித்துத் தருகிறேன் என்பவரின் பேச்சில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, சில்லஹல்லா நீரேற்றுத் திட்டம். 1,000 மெகாவாட். இதற்குப் புதிய அணை வேண்டும். சுற்றியுள்ள ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) விவசாயிகள் எதிர்ப்பதற்குக் காரணம் எளிது: கேரட்டும் உருளையும் தேயிலையும் விளைகிற நிலம் போகும், ஓடைத் தண்ணீர் போகும். பல தலைமுறையாகப் பண்படுத்திய கருப்பு மண்ணுக்கு ஈடாக எந்தத் தொகையைக் கொடுத்தாலும் அதைக் கொண்டு இந்த மாவட்டத்தில் அப்படியொரு நிலம் வாங்க முடியாது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த மாவட்டம் இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட சரிவுகளுக்குள் பெரிய சுரங்கங்களைக் குடைந்தால் ஊற்றுகளின் பாதை மாறக்கூடும். இங்கே ஒரு சாதாரண வீடு கட்டவே எத்தனை ஆபீஸ் ஏறி இறங்குகிறோம்! அந்தக் கட்டுப்பாடு மலையின் பாதுகாப்புக்காக என்றால், அது பெரிய திட்டத்துக்கும் பொருந்த வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

இவை தவிர மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதை மேடையில் யாரும் தொடுவதில்லை. இருக்கும் அணைகளைத் தூர்வாருவது. குந்தா, பில்லூர் அணைகளில் வண்டல் மலைபோலச் சேர்ந்திருக்கிறது. சேறு நிறைந்த அணை கொஞ்ச மழைக்கே நிரம்பிவிடும். மிச்சத் தண்ணீர் மின்சாரம் ஆகாமலே மதகு வழியாகப் போய்விடும். பில்லூர் கோவைக்குக் குடிநீரும் தருகிறது. தூர்வாருவதும், காய்கறித் தோட்டங்களில் மண் அரிக்காமல் தடுப்பதும் திறப்பு விழா நடத்தக்கூடிய வேலைகள் அல்ல. ஆனால் புது நிலம் ஒரு சென்ட்கூட எடுக்காமல் கிடைக்கும் மின்சாரம் அதுதான்.

*எப்போது இது சரியான தேர்வு:* பழைய அணைகளைக் கொண்டே செய்வதாகவும், வண்டலை எடுப்பதாகவும் வேட்பாளர் சொன்னால். புது அணை என்றால் என் பதில் வேண்டாம் என்பதே.

## வாக்குறுதி 2: கூரைதோறும் சோலார்

கேட்க இனிமையான வாக்குறுதி. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் உண்டு. குளிர்ந்த இடத்தில் சோலார் பலகை நன்றாகவே வேலை செய்யும். சூடு ஏற ஏறத்தான் அதன் திறன் குறையும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஊட்டியின் தெளிந்த வானம் பலகைக்கு மிக உகந்தது.

மறைவான செலவுகளை இனிப் பார்ப்போம். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் விலகாது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் அதே நிலை. சில்வர் ஓக் நிழல் விழும் கூரையும், சரிவின் வடக்குப் பக்க வீடும் இன்னும் பின்தங்கும். குரங்குகள் பலகைமேல் குதிக்கும், கம்பியை இழுக்கும்.

பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமலிருக்க வைத்த பாதுகாப்பு ஏற்பாடு அது. ஆகவே மழைக்கால மின்வெட்டுக்கு இது தீர்வாகாது. பேட்டரி வைத்தால் செலவு ஏறும்.

இன்னொன்று. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை தமிழ்நாட்டில் இலவசம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டிலோ சிறிய ஹட்டி வீட்டிலோ பயன்பாடு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஏற்கெனவே பில் வராத வீட்டுக்குப் பலகை எதை மிச்சப்படுத்தும்? லாட்ஜ், பள்ளி விடுதி, தேயிலை ஆலை, பெரிய வீடு ஆகியவற்றுக்குத்தான் இதில் உண்மையான லாபம்.

தற்சார்புக் கணக்கிலும் ஓட்டை உண்டு. உலகில் சோலார் பலகை செய்வதன் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் சொன்னது. இங்கே பலகை பூட்டும் ஆலைகள் பெருகினாலும், அதற்கு முந்தைய கட்டத்துப் பொருள்களில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்தது. ஆனாலும் எண்ணெய்க்கு இதுவே மேல். எண்ணெய் ஒவ்வொரு நாளும் வாங்கி எரிப்பது. பலகை ஒருமுறை வாங்கினால் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடும். விற்றவர் நாளைக்கு முகம் திருப்பினாலும் கூரையில் இருப்பது வேலை செய்துகொண்டே இருக்கும்.

மலையில் சோலார் நேரடியாக எண்ணெயைக் குறைக்கும் இடம் ஒன்று இருக்கிறது: ஓடையிலிருந்து காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டார். கேரட்டுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் கோடையில்தான் வெயிலும் அதிகம். சோலார் பம்ப் பற்றி வேட்பாளர் பேசினால் கூர்ந்து கேளுங்கள். வெந்நீருக்கான சோலார் ஹீட்டரும் அப்படியே. விறகும் கேஸும் கரண்டும் தின்கிற வேலை வெந்நீர் வைப்பது.

*எப்போது இது சரியான தேர்வு:* தோட்டத்துப் பம்ப், விடுதி, ஆலை, வெந்நீர். சிறிய வீட்டுக்கு இலவசமாகத் தந்தால் ஒழிய அவசரமில்லை.

## வாக்குறுதி 3: அணுமின்சாரமும் உள்நாட்டு நிலக்கரியும்

மலை நிலத்தை நேராகத் தொடாததால் இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2047-க்குள் 100 கிகாவாட் (ஒரு லட்சம் மெகாவாட்) அணுமின்சாரம் என்று 2025 ஒன்றிய பட்ஜெட் இலக்கு வைத்தது. கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு உலைகளும் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். அவற்றுக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. ஒருமுறை நிரப்பினால் ஓராண்டுக்கு மேலும் ஓடும் என்பதால், டேங்கர் கப்பலை நாள்தோறும் எதிர்பார்க்கும் எண்ணெயைப் போல இது பதற்றம் தராது. ஆனால் இது தற்சார்பும் ஆகாது. நம் மணலில் உள்ள தோரியம் எரிபொருளாகும் நாள் இன்னும் தொலைவில் இருக்கிறது.

நிலக்கரி நம்முடையதுதான். அதற்கு விலை கொடுப்பவர்கள் சுரங்கத்தை ஒட்டி வாழ்பவர்கள். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கக் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரில் பொக்லைன் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். மழையின் போக்கு தப்பினால் முதலில் சரிவது மலைச்சரிவு என்பதால், நிலக்கரிப் புகையைப் பற்றி நாமும் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

*எப்போது இது சரியான தேர்வு:* நாடாளுமன்றத்துக்கு நிற்பவர், எரிபொருள் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்ற இரண்டையும் விளக்கினால் கேட்கலாம். சட்டமன்ற வேட்பாளர் பேசினால் நேரம் செலவழிக்க வேண்டாம்.

## வாக்குறுதி 4: டீசலையும் கேஸையும் குறைப்பது

என் கணிப்பில் தற்சார்பு என்ற சொல்லுக்கு மிக அருகில் வருவது இதுதான். மேடையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

எத்தனாலை முதலில் ஒதுக்கிவிடுவோம். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது 2025-ல் நாடு முழுவதும் எட்டப்பட்டது. ஆனால் இந்தியாவில் பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விற்பது டீசல். நம் பிக்கப்பும் லாரியும் பஸ்ஸும் டீசலில் ஓடுபவை. கரும்பும் மக்காச்சோளமும் தண்ணீரும் செலவழித்துச் செய்கிற எத்தனால் அந்த டேங்கை எட்டவில்லை.

மலைக் காய்கறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதை யோசித்துப் பாருங்கள். வண்டி முழுச் சுமையோடு இறங்குகிறது, பெரும்பாலும் குறைந்த சுமையோடு ஏறுகிறது. மின் வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் விசையிலிருந்து பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பி ஏற்றிக்கொள்ளும். சுமையோடு இறங்கி லேசாக ஏறும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பாதை இல்லை. டீசல் வண்டியில் அந்த இறக்கமெல்லாம் பிரேக் சூடாவதற்கே போகிறது. டீசல் விலை ஏறினால் வண்டி வாடகை ஏறும். மண்டியில் கேரட் விலை நம் கையில் இல்லை. இடையில் அகப்படுவது விவசாயி. இந்தக் கண்ணியை அறுப்பவர் நாட்டுக்கும் விவசாயிக்கும் ஒரே நேரத்தில் நல்லது செய்கிறார்.

தடைகளும் உண்டு. மின் பிக்கப்பின் விலை அதிகம், கடன் வட்டி கூடும். சார்ஜ் போடும் இடங்கள் குறைவு. மார்கழி உறைபனியில் பேட்டரி கொஞ்சம் சோர்ந்துபோகும். பேட்டரிக்கான லித்தியமும் இறக்குமதிதான். ஆனால் பலகையைப்போல அதுவும் எரிந்து தீர்கிற பொருள் அல்ல. சிறு விவசாயி உடனே மாறுவது கடினம். அரசு பஸ்கள், பள்ளி வேன்கள், சுற்றுலா வாகனங்கள் முதலில் மாறட்டும் என்பவரே நடைமுறை தெரிந்தவர். சீசனில் மலைக்கு வரும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்றமே எண்ணிக்கை வரம்பு வைக்கும் நிலை வந்த ஊர் இது.

அடுப்புக்கு வருவோம். கேஸ் தீர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் பணம் இல்லாதபோது நம் பெண்கள் விறகுக்குப் போகிறார்கள். காட்டெருமையும் யானையும் கரடியும் நடமாடும் காட்டுக்குள் விறகுக்குப் போவது உயிரைப் பணயம் வைப்பது. மின் அடுப்பு கேஸ் இறக்குமதியையும் குறைக்கும், அந்த ஆபத்தையும் குறைக்கும். ஆனால் லைன் தாங்க வேண்டும். ஊர்க்கோடியில் மாலையில் வோல்டேஜ் இறங்கி டியூப் லைட்டே மினுக்கும்போது மின் அடுப்பு எப்படிச் சூடேறும்? ஆகவே மின் அடுப்பு தருகிறேன் என்பவர், டிரான்ஸ்பார்மரும் உறையிட்ட கம்பியும் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும்.

தேயிலை ஆலை இன்னொரு கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை தேவை. அதன் ஈரத்தைப் போக்க விறகு எரிகிறது. ஆலையின் எரிசக்தியில் பெரும்பங்கு இந்த வெப்பம், கரண்ட் சிறுபங்கே. இங்கே எண்ணெய் மிச்சமாகாது, மரம்தான் மிச்சமாகும். சூடான புகையை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்தும் அடுப்புகளுக்கு உதவி தருவதாகச் சொன்னால், பச்சைத் தேயிலை விலையோடு அதைச் சேர்த்துப் பேசுகிறாரா என்று பாருங்கள்.

*எப்போது இது சரியான தேர்வு:* லைனைச் சரிசெய்வதையும் சேர்த்துச் சொன்னால், எப்போதுமே.

## ஒரே பார்வையில்

| வாக்குறுதி | குறையும் இறக்குமதி | மலை கொடுப்பது | மலைக்கு வருவது | யார் கையில் |
|---|---|---|---|---|
| பழைய அணைகளில் நீரேற்று, தூர்வாருதல் | நிலக்கரி, கொஞ்சம் | சுரங்க மண், வேலைக்காலத் தொல்லை | வேலை, நிரம்பித் தாங்கும் அணை | மாநிலம் |
| சில்லஹல்லா போன்ற புது அணை | நிலக்கரி, கொஞ்சம் | விளைநிலம், ஓடை, காடு | மிகக் குறைவு | மாநிலம், ஒன்றிய அனுமதி |
| கூரை சோலார், பம்ப் | பம்பில் டீசல். மற்றபடி நிலக்கரி | ஒன்றுமில்லை | ஆலை, விடுதி, தோட்டத்துக்கு லாபம் | ஒன்றியம், மாநிலம் |
| அணு, நிலக்கரி | நிலக்கரி. யுரேனியம் கூடும் | நேராக இல்லை | நேராக இல்லை | ஒன்றியம் |
| மின் வண்டி, மின் அடுப்பு, லைன் சீரமைப்பு | எண்ணெய், கேஸ் | ஒன்றுமில்லை | குறைந்த செலவு, விறகு ஆபத்து குறைவு | மாநிலம், ஒன்றியம், உள்ளாட்சி |

## யாருக்கு எது

குந்தா தாலுகாவில் நிலம் வைத்திருப்பவருக்கு முதல் கேள்வி சில்லஹல்லாதான். ஆமா, இல்லையா என்று நேராகப் பதில் வாங்குங்கள். "மக்கள் கருத்துக் கேட்போம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிக்கப் ஓட்டுபவரும் மண்டிக்குச் சரக்கு அனுப்புபவரும் நான்காவது வாக்குறுதியை எடைபோடட்டும். மின் வண்டிக்கு எந்தக் கூட்டுறவு வங்கியில் எந்த வட்டிக்குக் கடன், சார்ஜ் நிலையம் குன்னூரிலா, கோத்தகிரியிலா, பர்லியாரிலா என்று கேளுங்கள்.

லாட்ஜ், ஆலை நடத்துபவர்களுக்குச் சோலார் கணக்கு ஒத்துவரும். அவர்களுக்கு எந்த வேட்பாளரும் தேவையில்லை, மானியம் இல்லாமலே லாபம் நிற்கும்.

கூடலூர்க்காரர்களுக்கு நிலைமையே வேறு. பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழித்த 1969-ன் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் செக்ஷன் 17-ன் கீழ் வரும், உரிமை இன்னும் தீராத நிலத்தில் பட்டா இல்லாமல், அந்தக் காரணத்தாலேயே மின் இணைப்புக்குப் பல ஆண்டுகள் அலைந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்கள் முற்றத்துக்கு வந்து 2047 பற்றிப் பேசுகிற எவரிடமும் முதலில் கேட்க வேண்டியது, பட்டா தீரும்வரை காத்திராமல் மீட்டர் வைக்க எந்த அரசாணையைக் கொண்டுவருவீர்கள் என்பதைத்தான். இது சட்டமன்ற உறுப்பினரால் வற்புறுத்திக் கேட்கக்கூடியது. பதிலை எழுத்தில் வாங்கி, ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.